ஊசிமருந்தும் வெப்பமும்: இருநூறு ஆண்டுப் பயணம்

விழுங்கப்படும் மாத்திரைகளுள் பெரும்பாலானவை அலமாரியின் மூலையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடுவதில்லை. ஆனால் இன்சுலின், பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சு, பெரும்பாலான தடுப்பூசிகள், மூட்டுவாதத்துக்கு இக்காலத்தில் தரப்படும் உயிரியல் மருந்துகள் ஆகியவை ஊசி வழியாக உடலுக்குள் செல்ல வேண்டியிருப்பதற்கு எது காரணமோ, அதுவே அவை வெப்பத்தில் கெடுவதற்கும் பெரிதும் காரணமாகிறது. இவை புரதங்களாகவோ, புரத உறை கொண்ட நுண்ணுயிர்களாகவோ இருக்கின்றன. புரதத்தை விழுங்கினால் இரைப்பையும் குடலும் அதை உணவாகவே கொண்டு செரித்துவிடும் என்பதால் ஊசி தேவைப்படுகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களாலான நீண்ட சரம் ஒன்று குறிப்பிட்ட விதத்தில் மடிந்து உருவாகும் மூலக்கூறு என்பதாலும், அந்த மடிப்பு குலைந்தால் அதன் வேலையும் நின்றுவிடும் என்பதாலும், வெப்பத்துக்கும் குலுக்கலுக்கும் அது அஞ்சுகிறது. உறைதலும் அதே கேட்டைச் செய்யக்கூடும். மருந்துப் பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்ற வரம்புக்கு மேலெல்லை ஒன்று இருப்பதைப் போலவே கீழெல்லையும் ஒன்று இருப்பது இதனால்தான்.

வேதியியல் அளவில் எளிதாகத் தோன்றும் இந்த உண்மைக்குள் ஒரு சமூக வரலாறு அடங்கியிருக்கிறது. மருந்து செய்யப்படும் இடமும் அது செலுத்தப்படும் இடமும் வேறாக இருக்கும் வரை, இடைப்பட்ட தொலைவில் அதைக் காப்பாற்றும் பொறுப்பை யாராவது ஏற்றாக வேண்டும். அந்தப் பொறுப்பு சில காலங்களில் அரசுகளிடமும், சில காலங்களில் உயிருள்ள மனித உடல்களிடமும் இருந்திருக்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில் அதன் ஒரு பெரும்பங்கு, போதிய உதவி எதுவும் இல்லாமல், நோயாளியின் கைப்பைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பனிக்கட்டியும் குளிர்பதன எந்திரமும் மருத்துவத்துக்குள் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கல் பிறந்துவிட்டது. எட்வர்ட் ஜென்னர் 1796 மே மாதத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைக் கீறி ஏற்றி, அது பெரியம்மையைத் தடுப்பதைக் கண்டு, 1798-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். தமிழில் பின்னர் அம்மைப்பால் என்று வழங்கிய அந்த நீர், நூலிழைகளில் தோய்த்து உலர்த்தப்பட்டும், இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே வைத்து மெழுகால் அடைக்கப்பட்டும் ஐரோப்பிய நகரங்களுக்கு அஞ்சலிலேயே சென்றது. ஆனால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் வெக்கையில் மிதந்து இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் அதன் வீரியம் அழிந்துபோயிற்று. இறுதியில் வியன்னா நகர மருத்துவர் ழான் டி காரோ, கடல்வழியை விட்டுவிட்டு, கான்ஸ்டான்டிநோபிள் வழியாகப் பாக்தாத்துக்குத் தரைவழியே அனுப்பிய அம்மைப்பால்தான் பலித்தது. பாக்தாத்திலிருந்து பாஸ்ராவுக்கும் அங்கிருந்து கப்பலில் பம்பாய்க்கும் சென்ற அந்தத் தொடரின் பயனாக, 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மை குத்தல் நடந்தது; அதே ஆண்டிலேயே சென்னைக்கும் இலங்கைக்கும் அது பரவிற்று.

பம்பாயிலிருந்து மற்ற ஊர்களுக்கு அது பரவிய முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் கையில் குத்தியபின் ஏறத்தாழ எட்டாம் நாளில் கொப்புளம் பழுக்கும்; அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள்; அக்குழந்தையின் கொப்புளம் பழுப்பதற்குள் அடுத்த ஊருக்குச் சென்றிருக்க வேண்டும். கைக்குக் கை மாற்றுதல் எனப்பட்ட இம்முறையில், மருந்தைச் சுமந்த கலம் ஒரு குழந்தையின் உடலே ஆகும். கண்ணாடிச் சில்லில் 37 டிகிரி வெப்பத்தில் சில நாட்களில் செத்துப்போகும் நுண்ணுயிர், அதே வெப்பமுள்ள உயிருடலில் பெருகி வாழ்ந்தது. இந்த உத்தியை அரசு முயற்சியாகவே மாற்றியது ஸ்பெயின். 1803 நவம்பர் 30 அன்று கொருன்யா துறைமுகத்திலிருந்து மரியா பிடா என்ற கப்பலில் பிரான்சிஸ்கோ சேவியர் பால்மிஸ் என்ற மருத்துவர் புறப்பட்டபோது, ஆதரவற்ற சிறுவர் இருபத்திருவர் அதில் ஏற்றப்பட்டிருந்தனர்; அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வரை இவ்விருவராக அவர்களுக்குக் குத்தி மருந்தை உயிரோடு வைத்திருந்து, பின்னர் மெக்சிகோவிலிருந்து வேறு சிறுவர்களைக் கொண்டு பிலிப்பைன்ஸ் வரையும் அதைச் சேர்த்தனர். இலட்சக்கணக்கானோரைக் காத்த பயணமென்று அதைப் போற்றும் நூல்கள் பல உண்டு, போற்றுதல் தகும். ஆயினும் அச்சிறுவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும், அவர்களுட் பலர் தாய்நாடு திரும்பவே இல்லை என்பதும் அந்தப் போற்றுதலோடு சேர்த்தே எழுதப்பட வேண்டியவை.

கைக்குக் கை மாற்றும் முறைக்குத் தீராத இரண்டு குறைகள் இருந்தன. அடுத்த குழந்தை கிடைக்காமல் போனால் தொடர் அறுந்துவிடும். கொடுக்கும் குழந்தைக்கு மேகநோய் இருந்தால் அதுவும் சேர்ந்து பரவும். தம் குழந்தையின் கொப்புளத்தை மீண்டும் கீறி நீரெடுப்பதைப் பெற்றோர் வெறுத்ததும் இயல்பே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுகளின் தோலிலேயே அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை பரவியபோது இக்குறைகள் நீங்கின. ஆனால் பாதுகாத்துக் கொண்டுசெல்லும் சிக்கல் மீண்டும் தலைதூக்கிற்று. ஐரோப்பாவில் அதைக் கிளிசரினில் கலந்து வைத்தனர். சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங், ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படும் லனோலின் என்ற கொழுப்பில் அதைக் குழைத்துக் களிம்பாக்கிப் பார்த்தார். வெக்கை மிகுந்த மாவட்டங்களுக்கு அம்மை குத்துவோர் நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்ற காலத்தில், பனிக்கட்டியில்லாமல் மருந்தின் ஆயுளை நீட்டப் பார்த்த முயற்சி அது. 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் அவர் பெயரையே தாங்கி இன்றும் நிற்கிறது.

அக்காலத்தில் சென்னையில் பனிக்கட்டி இல்லாமலும் இல்லை. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு பின்னாளில் விவேகானந்தர் இல்லமாயிற்று. ஆனால் அந்தப் பனிக்கட்டி பெரிதும் வசதி படைத்தோரின் பானங்களுக்கும் உணவுக்குமே பயன்பட்டது. மேலும், கிடங்கில் பனிக்கட்டி இருப்பது ஒன்று, செங்கல்பட்டுக்கோ இராமநாதபுரத்துக்கோ செல்பவரின் பெட்டியில் அது கரையாமல் இருப்பது வேறொன்று. மருந்து கெடாமல் பயணம் செய்ய வேண்டுமெனில், குளிர் ஓரிடத்தில் கிடைத்தால் போதாது. வழிநெடுகக் கிடைக்க வேண்டும்.

கொண்டுசெல்ல முடியாத மருந்து இருக்குமிடத்துக்கு நோயாளியே செல்வது என்ற வழி, வெறிநாய்க்கடி மருத்துவத்தில் முழுமையாகக் காணப்பட்டது. லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்திய மருந்து, நோய் ஏற்றப்பட்ட முயல்களின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டு நாள்வாரியாக உலர்த்தி, அவ்வப்போது புதிதாகக் கலக்கி எடுக்கப்படுவது. அதைக் குப்பியில் அடைத்து அனுப்ப இயலாது. ஆகவே நாய் கடித்தவர்களே ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இந்தியாவிலிருந்த ஐரோப்பியர்கள் பாரிசுக்கே அனுப்பப்பட்டனர். 1900-இல் இமயமலைச் சாரலில் கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டபின், சென்னை மாகாணத்தார் இந்தியாவின் நீளத்தை இரயிலில் கடந்து அங்கே போக வேண்டியதாயிற்று. கடித்த நாளிலிருந்து மருந்து ஏறும் நாள் வரையிலான ஒவ்வொரு நாளும் உயிருக்கு எதிராக எண்ணப்படும் அந்நோயில் இத்தொலைவின் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைசிராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. கசௌலியும் குன்னூரும் மலையூர்களாக இருப்பது தற்செயல் அன்று. சமவெளியின் வெப்பம் ஆய்வக உயிர்ப்பொருள்களைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் அன்றைய நுண்ணுயிரியலாரிடம் வலுவாக இருந்தது. 1899-இலேயே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் ஓடத் தொடங்கியிருந்ததால், சமவெளியின் கடிபட்டோர் அவ்வழியே மேலேறி, அங்கேயே தங்கி, இரண்டு வாரத்துக்கும் குறையாமல் தினமும் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினர்.

இந்தப் பயணத்துக்கு முடிவு கட்டியதும் ஒரு மருந்து மாற்றமே. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911-இல், நோயேற்றிய மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலறச் செய்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். அது உலர்தண்டு மருந்தைவிட நெடுநாள் தாங்கியது. குப்பிகளில் அடைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பக்கூடியதாகவும் இருந்தது. நரம்பு மண்டலத்தில் அரிதாகக் கடும் பின்விளைவுகளை ஏற்படுத்தும் அந்த மருந்து 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியாவில் நீடித்ததற்கு, மலிவும் எளிய தயாரிப்பும் மட்டுமன்றி, நோயாளியின் ஊருக்கே வந்து சேரும் தன்மையும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருந்தும். தரத்தில் குறைந்ததாயினும் பயணம் செய்யும் மருந்து, சிறந்ததாயினும் பயணம் செய்யாத மருந்தை வென்றுவிடுவது இவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

வெப்பத்தைப் பற்றியே பேசும்போது குளிரின் கேட்டை மறந்துவிடக் கூடாது. 1925 சனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற சிற்றூரில் தொண்டை அடைப்பான் எனப்படும் டிஃப்தீரியா பரவியபோது, அதற்குரிய எதிர்நஞ்சு நெனானா வரை இரயிலிலும், அங்கிருந்து 674 மைல் தொலைவு நாய் வண்டிகளிலும் சென்றது. ஏறத்தாழ ஐந்தரை நாட்களில் இருபது வண்டிக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அதை ஓட்டிச் சேர்த்தனர். கண்ணாடிக் குப்பிகளை மெத்தைத் துணியில் சுற்றி உலோக உருளைக்குள் வைத்து அனுப்பிய மருத்துவர் தந்த அறிவுரை, வழியிலுள்ள தங்குமனைகளில் அதை வெதுவெதுப்பாக்க வேண்டும் என்பதாகும். சேர்ந்தபோது மருந்து உறைந்திருந்தது. உருக்கிப் பயன்படுத்தினர், பலனும் தந்தது. எல்லா மருந்துக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று.

மேலே சொன்னவை எல்லாம் வாழ்வில் ஒருமுறையோ, நோய் தாக்கிய சில வாரங்களிலோ மட்டும் தேவைப்படும் மருந்துகள். 1921–22-இல் டொராண்டோவில் பிரெடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட், ஜான் மெக்லியோட், ஜேம்ஸ் காலிப் ஆகியோரின் உழைப்பில் கிடைத்த இன்சுலினோ அன்றாடம் தேவைப்படுவது, அதுவும் வாழ்நாள் முழுவதும். 1922 சனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதலில் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு சர்க்கரை நோயின் முதல் வகை வந்த குழந்தைகள் பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டில் சில காலம் உயிரை நீட்டிப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. இன்சுலினுக்குப் பிறகு அவர்கள் பள்ளிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், திருமணம் செய்துகொண்டார்கள், எனவே பயணமும் செய்ய வேண்டியிருந்தது. குன்னூர் மலைக்குச் சென்றவரைப் போல அவர்கள் ஆய்வகத்தின் அருகில் இரண்டு வாரம் தங்கித் தீர்த்துக்கொள்ள இயலாது. ஆயுள் முழுவதும் மருத்துவமனை வாசலிலேயே இருக்க வேண்டும், இல்லையேல் மருந்தைத் தாமே சுமக்க வேண்டும். மருந்துக் காப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை: செவிலியர் செய்த வேலையும், மருந்தாளர் செய்த வேலையும், கிடங்குக் காவலர் செய்த வேலையும் ஒருசேர நோயாளியிடம் ஒப்படைக்கப்பட்டன.

தொடக்ககால இன்சுலின் அமிலத்தன்மை கொண்ட தெளிந்த கரைசல். அதன் செயல் சில மணி நேரமே நீடித்ததால் ஒரு நாளைக்குப் பலமுறை ஊசி போட வேண்டியிருந்தது. பயணி ஒருவர் கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களும் மிகுதி: குப்பி, கண்ணாடி சிரிஞ்ச், எஃகு ஊசிகள், அவற்றைக் கொதிக்க வைக்கச் சிறு பாத்திரம், அல்லது சாராயத்தில் அமிழ்த்தி வைக்க மூடியுள்ள பெட்டி. இன்சுலினுக்கென்றே அளவுகள் குறிக்கப்பட்ட சிரிஞ்ச் 1924-இல் விற்பனைக்கு வந்தது. டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஹாகடார்ன் 1936-இல் புரோட்டமின் என்ற மீன் புரதத்தைச் சேர்த்துச் செயல் நீடிக்கும் இன்சுலினை அறிவித்தார். அதன் வழிவந்த, 1946-இல் உருவான என்.பி.எச். இன்சுலின் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைத்து நோயாளியின் நாளை விடுவித்த இந்தக் கலங்கல் மருந்து, இன்னொரு பக்கத்தில் புதிய கவலையைக் கொண்டுவந்தது. அது தெளிந்த கரைசலன்று. நுண்ணிய படிகங்கள் மிதக்கும் நீர்மம். உறைந்து உருகினால் அப்படிகங்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். எவ்வளவு உருட்டினாலும் சீராகக் கலக்காது. ஒரு முறை குறைவாகவும் மறுமுறை மிகுதியாகவும் மருந்து ஏறும். வெப்பத்துக்கு அஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியை ஒட்டியோ, பனிக்கட்டியின் மேல் நேரடியாகவோ குப்பியை வைத்தவர்கள், மருந்தைக் காப்பதாக எண்ணியே அதைக் கெடுத்தனர்.

பயணிக்கு முதலில் உதவிய கருவி மருத்துவத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஜேம்ஸ் டீவர் 1892-இல் தாழ்வெப்ப வாயு ஆய்வுக்காக இரட்டைச் சுவர்களுக்கிடையே வெற்றிடம் கொண்ட குடுவையை வடிவமைத்தார். 1904-இல் ஜெர்மனியில் அது தெர்மோஸ் என்ற பெயரில் வணிகப் பொருளாயிற்று. வெந்நீரும் காபியும் கொண்டுசெல்ல மக்கள் வாங்கிய ஃபிளாஸ்க், வாய் அகன்றதாக இருந்தால் இன்சுலின் குப்பிக்கும் இடம் தந்தது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அமெரிக்காவில் 1920-களின் பிற்பகுதியிலிருந்து பரவத் தொடங்கியது. இந்தியாவிலோ கோத்ரெஜ் தன் முதல் குளிர்சாதனப் பெட்டியை 1958-இல்தான் வெளியிட்டது, அதன் பின்னும் பல பத்தாண்டுகளுக்கு அது நடுத்தர வீடுகளுக்கே எட்டாப் பொருளாக இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் 1948-இல் நீரிழிவு நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கிய காலத்தில், இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுள் மிகப் பலருடைய வீடுகளில் குளிர் என்பது மண்பானைத் தண்ணீரின் குளிராகவே இருந்திருக்கும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் உள்ளே சில டிகிரி குறையும். காற்று உலர்ந்திருந்தால் இக்குளிர்ச்சி மிகுதி. கடற்கரையின் ஈரக்காற்றில் அது குறைவு. இதே தத்துவத்தில்தான், நீரை உறிஞ்சி உப்பும் பாலிமர்ப் படிகங்கள் தைக்கப்பட்ட துணிப்பைகளும் இன்று பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. பனிக்கட்டி தேவைப்படாத அப்பைகளில் மருந்து உறைந்துபோகும் அபாயமும் இல்லை.

நோயாளியிடம் இவ்வாறு பொறுப்பு போய்ச் சேர்ந்த அதே நூற்றாண்டில், தடுப்பூசிகளுக்கு அரசுகள் எடுத்துக்கொண்ட அக்கறை முற்றிலும் வேறு அளவினதாக இருந்தது. லண்டனின் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி காலியர் 1950-களில் பெரியம்மைத் தடுப்பூசியை உறைய வைத்து, அந்நிலையிலேயே வெற்றிடத்தில் ஈரத்தை அகற்றித் தூளாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மாதக்கணக்கில் வெக்கையைத் தாங்கிய அத்தூள் இல்லாமல், உலக சுகாதார நிறுவனம் 1967-இல் தீவிரப்படுத்திய ஒழிப்புத் திட்டம் சோமாலியாவின் பாலைநிலத்தையோ பீகாரின் கோடையையோ வென்றிருக்க முடியாது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் காணப்பட்டார். ஆனால் தட்டம்மை, போலியோ, முத்தடுப்பூசி ஆகியவற்றையும் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்க்க 1974-இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் வகுக்கப்பட்டபோது, அவை அந்தத் தாங்குதிறன் இல்லாதவை என்பதால், தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரை இடையறாத குளிர்ச்சங்கிலி ஒன்றைக் கட்ட வேண்டியதாயிற்று. இந்தியா 1978-இல் அத்திட்டத்தில் இணைந்து, 1985-இல் அதை அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரித்தது. மாநிலக் கிடங்கில் ஆள் நுழையக்கூடிய குளிரறை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பனிநீர்க் குழாய்கள் உட்சுவரைச் சூழ்ந்திருப்பதால் நாளில் சில மணி நேரமே மின்சாரம் வந்தாலும் குளிர் குன்றாத ஐ.எல்.ஆர். பெட்டி, அங்கிருந்து கிராமச் சுகாதாரச் செவிலியர் தோளில் மாட்டிச் செல்லும், நான்கு ஐஸ் பேக் அடுக்கிய வாக்சின் கேரியர் என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருவியும், அதற்குப் பொறுப்பாளரும், நாளிருமுறை வெப்பநிலை எழுதும் பதிவேடும் உண்டாயின. 1996 முதல் குப்பிகளின் மேலேயே ஒட்டப்படும் வெப்பங்காட்டி வில்லை, நடுச்சதுரத்தின் நிறம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டினாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ மருந்தை எறிந்துவிடும்படி, எழுத்தறியாதவருக்கும் புரியும் விதத்தில் சொன்னது. வெப்பத்தை அஞ்சி மிகையாகக் குளிரூட்டியதில் அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகள் உறைந்து கெடுவது பரவலாக நிகழ்கிறது என்பது கண்டறியப்பட்டபோது, ஐஸ் பேக்குகளை உறைகலத்திலிருந்து எடுத்தவுடன் வைக்காமல், உள்ளே நீர் அசையும் ஒலி கேட்கும் வரை வெளியில் வைத்திருக்கும் வழக்கமும் கற்பிக்கப்பட்டது.

இத்தனை கவனமும் தேவையானதே. ஆனால் தினமும் உயிரைத் தாங்கும் இன்சுலினுக்கு இதில் ஒரு பங்கும் வரவில்லை என்பது எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. இன்சுலின் குப்பியின் மேல் வெப்பங்காட்டி வில்லை வழக்கமாக ஒட்டப்படவில்லை. மருந்துக் கடையின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கைக்கு வந்த நொடியில் சங்கிலி முடிந்துவிடுகிறது. பிறகு பேருந்திலும் இரயிலிலும் வயலிலும் அது என்ன ஆனாலும் நோயாளியின் பாடு. அச்சிடப்பட்ட அறிவுரையோ கடுமையானது: திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், பயன்பாட்டில் உள்ளது 25 அல்லது 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் இருக்கலாம். முதல் வரம்பு, இரண்டு மூன்று ஆண்டுகள் கிடங்கில் இருக்க வேண்டிய சரக்குக்காக வகுக்கப்பட்டது. ஒரு மாதத்தில் தீரப்போகும் குப்பியை 35 டிகிரி வெயிலுள்ள ஊரில் வைத்திருக்கும் ஒருவருக்கு எவ்வளவு கேடு நேரும் என்ற வேறொரு கேள்வி, வெப்ப நாடுகளிலேயே உலகின் நீரிழிவு நோயாளிகள் பெருகிவந்த காலத்திலும், முறையாக அளக்கப்படாமலே நெடுங்காலம் கிடந்தது. மருந்து கெட்டிருக்குமோ என்ற அச்சத்தில் நல்ல குப்பிகளை எறிந்தவர்களும், பயணத்தையே கைவிட்டவர்களும், குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பதால் இன்சுலினே பரிந்துரைக்கப்படாதவர்களும் இந்த அளக்காமையின் விலையைக் கொடுத்தனர்.

1985-இல் வந்த பேனா வடிவ ஊசி, குப்பியும் சிரிஞ்சும் தனித்தனியாக இருந்த நிலையை மாற்றிப் பயணத்தை எளிதாக்கிற்று. அதன் பிறகு வானூர்தி பலரின் பயணமானபோது புதிய சிக்கல்கள் எழுந்தன. சரக்கறையில் போகும் பெட்டிக்குள் வெப்பநிலை உறைநிலைக்கு அருகில் இறங்கக்கூடும், பெட்டி தொலைந்தும் போகலாம் என்பதால் மருந்தைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. 2006 ஆகஸ்டில் லண்டனில் வெடிகுண்டுச் சதி ஒன்று வெளிப்பட்டதைத் தொடர்ந்து கைப்பையில் நீர்மங்கள் கட்டுப்படுத்தப்பட்டபோது, மருத்துவத் தேவைக்கான நீர்மங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கைப் பெற மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் உடன் வைத்திருப்பது பயணியின் கடமையாயிற்று. மூட்டுவாதத்துக்கான அடாலிமுமாப் 2002-இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதற்குப் பின், குளிர் தேவைப்படும் ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்வோர் சர்க்கரை நோயாளிகள் மட்டும் அல்லர் என்றாயிற்று. அடாலிமுமாப் 25 டிகிரிக்குள் பதினான்கு நாள் தாங்கும் என அதன் தயாரிப்பாளரே அறிவித்திருப்பது பயணிக்குப் பேருதவி. அத்தகைய எண் அச்சில் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒருவர் உறவினர் திருமணத்துக்குப் போவதற்கும் போகாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடாகும்.

மருந்துக்கேற்பக் குளிரைச் சுமப்பதை விட்டு, வெப்பத்துக்கேற்ப மருந்தை அளந்து பார்க்கும் போக்கு 2010-களில் வலுப்பெற்றது. ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் வட்டாரத்துக்காகப் பூனாவின் சீரம் நிறுவனம் தயாரித்த மென்ஆஃப்ரிவாக் என்ற தடுப்பூசி, 40 டிகிரி வரை நான்கு நாள் குளிரின்றி இருக்கலாம் என்று சோதித்து உறுதி செய்யப்பட்டு, 2012-இல் பெனின் நாட்டில் அவ்வாறே ஐஸ் பேக் இல்லாமல் கொண்டுசெல்லப்பட்டது. பிரசவத்தின் பின் குருதிப்போக்கை நிறுத்தத் தரப்படும் ஆக்சிடாசின் குளிரில்லாத மருத்துவமனைகளில் வீரியம் இழந்துவிடுவதால், வெப்பந்தாங்கும் கார்பெடாசின் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சும் இந்தியாவில் பெரிதும் உலர்தூளாகவே விற்கப்படுகிறது. 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து இந்திய ஆலைகள் செய்யும் அந்தத் தூள், மின்சாரம் நிலையற்ற ஊர்களின் மருத்துவமனைகளிலும் இருப்பில் வைக்கத்தக்கதாக இருப்பது அதனால்தான்.

இன்சுலினுக்கு அந்த அளவீடு கென்யாவின் வடக்கிலுள்ள தாதாப் அகதி முகாம்களில் ஒன்றான தகஹலேயில் நடந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அங்குள்ள வீடுகளில் நிலவிய வெப்பநிலை பகலிரவாக 25-க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறியிறங்குவதைப் பதிவு செய்தனர். ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஏற்றவிறக்கத்தை ஆய்வகத்தில் நான்கு வாரம் நிகழ்த்தி, அதில் வைத்த இன்சுலினின் வீரியம் குளிரில் வைத்ததிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை எனக் கண்டனர். இம்முடிவு 2021-இல் வெளியானது. அதுவரை அங்கே சர்க்கரை நோயாளிகள் நாள்தோறும், சிலர் ஒரே நாளில் பலமுறை, ஊசிக்காக முகாம் மருத்துவமனைக்கு நடந்துகொண்டிருந்தனர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவரிடம் மருந்தைக் கொடுத்தனுப்ப விதி இடந்தரவில்லை. 2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, கிடைத்த சான்றுகளையெல்லாம் ஒருங்கே எடைபோட்டு, திறக்காத குறுஞ்செயல், நடுச்செயல் மனித இன்சுலின்களை 25 டிகிரி வரை ஆறு மாதமும் 37 டிகிரி வரை இரண்டு மாதமும் வைத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. அம்முடிவு மனித இன்சுலினுக்கே உரியது. மூலக்கூற்றில் மாற்றம் செய்து 1996 முதல் விற்பனைக்கு வந்த ஒப்புமை இன்சுலின்கள் ஒவ்வொன்றுக்கும், இப்போது உடற்பருமனுக்கும் பரவலாகத் தரப்படும் வாராந்தர ஊசிகளுக்கும், வெப்ப நாடுகளின் வீடுகளிலும் வழிகளிலும் நிலவும் ஏற்றவிறக்கத்திலேயே இந்த அளவீடு தனித்தனியே செய்யப்பட வேண்டும். அதற்குத் தேவையான கருவிகளும் முறைகளும் ஏற்கனவே நம் ஆய்வகங்களில் இருக்கின்றன.